தேர் ஓடவும் வேண்டும், நிற்கவும் வேண்டும்
(புவியீர்ப்பும் உராய்வும்: ஓர் எளிய விளக்கம்)

தேர்த் திருவிழா என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவை ஒளிவீசும் கலசமும், காற்றில் அசையும் தொம்பைகளும், வடம் பிடிக்கும் மக்கள் வெள்ளமும் ஆகும். தேரின் அடியில் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. ஆனால் தேர் நல்லபடியாக நிலைக்கு வந்து சேருமா என்பதை முடிவு செய்வது மேலே உள்ள கலசமன்று. சக்கரம் தரையைத் தொடுகின்ற அந்தக் கையகல இடமே. அங்கே இரண்டு இயற்கை விசைகள் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஒன்று புவியீர்ப்பு, மற்றொன்று உராய்வு.

நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பாடத்தில் இவ்விரண்டையும் படிக்கின்றனர். தேர்வு முடிந்ததும் அவை பாடநூலோடு மூடப்பட்டு விடுகின்றன. உண்மையில் இவை வீதியில், படியில், தோட்டத்தில், இரயில் நிலையத்தில் நாள்தோறும் நாம் சந்திக்கும் செய்திகள். தைப்பூசம் போன்ற பெருவிழாக்களில் உயிர்ப் பாதுகாப்போடு தொடர்புடைய செய்திகளும்கூட. ஆதலால் பெரியோரும் பிள்ளைகளும் ஒருங்கே அறிந்துகொள்ளும் வண்ணம் அவற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

புவியீர்ப்பு

பொருள் யாவும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. இதனைக் கணித வடிவில் உலகுக்குத் தந்தவர் ஆங்கில நாட்டு அறிஞர் ஐசக் நியூட்டன். 1687ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நூலில் மரத்திலிருந்து விழும் கனியையும் வானில் சுற்றும் நிலவையும் ஒரே விதியின்கீழ்க் கொண்டுவந்தார். நாம் வாழும் பூமி மிகப் பெரியது. ஆகவே அதன் ஈர்ப்பு நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. நம் கையிலுள்ள தேங்காயும் பூமியை ஈர்க்கத்தான் செய்கிறது. ஆனால் பூமியின் பெருமைக்கு முன் அது எந்த அசைவையும் உண்டாக்குவதில்லை.

தென்னையிலிருந்து ஒரு காய் விழுகிறது என்று கொள்வோம். விழத் தொடங்கிய ஒவ்வொரு விநாடியும் அதன் வேகம் விநாடிக்கு 9.8 மீட்டர் வீதம் கூடிக்கொண்டே போகும். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் காய் ஏறத்தாழ 2 விநாடியில் தரையை அடைந்துவிடும். அப்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர்! தென்னை மரத்தடியில் பிள்ளைகளை விளையாட விடக்கூடாது என்று பாட்டிமார் சொல்வதில் எவ்வளவு அறிவியல் இருக்கிறது, பார்த்தீர்களா?

பளுவான பொருள் விரைவாகவும் இலேசான பொருள் மெதுவாகவும் விழும் என்று பலர் எண்ணுவர். காற்றின் தடை இல்லாவிட்டால் எல்லாப் பொருள்களும் ஒரே மாதிரியாகவே விழும். 1971ஆம் ஆண்டு அப்பல்லோ 15 விண்கலத்தில் நிலவுக்குச் சென்ற டேவிட் ஸ்காட் என்னும் விண்வெளி வீரர், காற்றே இல்லாத நிலவின் தரையில் நின்று ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கு ஆதலால், அவை நிதானமாக விழுந்தன என்பதே வேறுபாடு.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் புவியீர்ப்பு புதிதன்று. ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவும்போது கோட்டை ஏன் சாய்வாக இழுக்கிறார்கள்? வடியும் பால் தானாகவே அந்தச் சரிவில் இறங்கிப் பீலி வழியாக மங்கில் சேரவேண்டும் என்பதற்காகவே. அதற்கு எந்த இயந்திரமும் இல்லை, எந்தக் கூலியும் இல்லை. பூமியின் ஈர்ப்பே அந்த வேலையைச் செய்து முடிக்கிறது. தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் பால் வெட்டிய நம் முன்னோர், இந்த விசையின் பெயரை அறியாமலே நாள்தோறும் விடியலில் அதனை வேலை வாங்கினர்.

உராய்வு

புவியீர்ப்பு மட்டுமே இருந்தால் உலகம் என்னவாகும்? சற்றே சரிவான இடத்தில் வைத்த எப்பொருளும் சறுக்கிக்கொண்டே போய்விடும். மேசைமேல் வைத்த குத்துவிளக்கு நிற்காது. சுவரில் அடித்த ஆணி தங்காது. நாம் ஓரடிகூட நடக்க முடியாது. இவற்றையெல்லாம் தடுத்து நிறுத்துவது உராய்வு.

இரு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று நகரும்போதும், நகர முயலும்போதும் அந்த நகர்வை எதிர்க்கின்ற விசையே உராய்வு ஆகும். பளபளப்பாகத் தோன்றும் பரப்பும் நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். அம்மேடுகள் ஒன்றையொன்று அழுத்திப் பற்றிக்கொள்கின்றன. அந்தப் பற்றுதலே நகர்வுக்குத் தடையாகிறது.

உராய்வைப் பற்றி நினைவில் வைக்கவேண்டிய விதிகள் மூன்று.

முதலாவது, அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். வெறும் பெட்டியைத் தரையில் தள்ளுவது எளிது. அரிசி நிறைந்த பெட்டியைத் தள்ளுவது கடினம்.

இரண்டாவது, உராய்வு தொடுகின்ற பரப்புகளின் தன்மையைப் பொறுத்தது. தார்ச் சாலையில் ரப்பர் நன்கு பிடிக்கும். பாசி படிந்த கல்லில் பாதம் பிடிக்காது. எண்ணெயோ நீரோ இடையில் புகுந்தால் பிடி தளர்ந்துவிடும்.

மூன்றாவது, நிற்கும் பொருளை நகர்த்தத் தொடங்குவதற்கு வேண்டிய விசை, நகரும் பொருளைத் தொடர்ந்து நகர்த்துவதற்கு வேண்டிய விசையைவிடப் பெரும்பாலும் அதிகம். வடம் பிடித்தவர் அனைவரும் இதனைக் கைகளால் அறிந்திருப்பர். முதல் அசைவுக்குத்தான் மூச்சுமுட்ட இழுக்கவேண்டும். அசைந்த பிறகு தேர் இசைந்து வரும்.

உராய்வினால் வெப்பம் பிறக்கும். வேள்விக்கு அரணிக் கட்டையைக் கடைந்து தீ எழுப்புவது இதனால்தான். கல்லில் சந்தனம் இழைப்பதும் உராய்வின் வேலையே. கட்டை வழவழப்பாக வழுக்கிக்கொண்டே போனால் ஒரு துளிச் சந்தனமும் கிடைக்காது. ஆகவே உராய்வு நமக்குப் பகையுமன்று, முழு நண்பனுமன்று. வேண்டிய இடத்தில் கூட்டியும், வேண்டாத இடத்தில் குறைத்தும் அதனை ஆளக் கற்பதே மனிதனின் அறிவு.

சக்கரம் செய்த புரட்சி

உராய்வைக் குறைக்க மனிதன் கண்ட மிகச் சிறந்த வழி சக்கரம். பளுவை இழுத்துச் செல்லும்போது அது தரையோடு தேய்கிறது. சக்கரத்தில் ஏற்றினால் தேய்வதற்குப் பதில் உருள்கிறது. உருளும்போது ஏற்படும் தடை, தேயும்போது ஏற்படும் தடையைவிட மிகமிகக் குறைவு.

சக்கரமும் பாதையும் எவ்வளவு கடினமாக இருக்கின்றனவோ, அவ்வளவுக்குத் தடை குறையும். தாசேக் கெலுகோர் நிலையத்தில் வந்து நிற்கும் இரயிலைப் பாருங்கள். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருள்கிறது. ஒரே எடையுள்ள லாரிக்கும் இரயில் பெட்டிக்கும் சமதரையில் உருளும் தடையை ஒப்பிட்டால், லாரிக்கு அது நான்கைந்து மடங்கு அதிகமாகும். இரயில் குறைந்த செலவில் பெரும்பளுவை இழுப்பதன் இரகசியம் இதுவே.

ஆனால் எளிதாக உருளும் பொருளை எளிதாக நிறுத்த முடியாது. எஃகின்மேல் எஃகுக்குப் பிடி குறைவு. முழு வேகத்தில் வரும் இரயில், ஓட்டுநர் தடையை அழுத்திய பிறகும் நெடுந்தூரம் ஓடித்தான் நிற்கும். ஓட்டுநர் நம்மைக் கண்டாலும் அவரால் நம்மைக் காப்பாற்ற முடியாது. தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

தேருக்கு வருவோம். தேரும் சக்கரத்தில் உருளும் பளுதான். இரயிலுக்குள்ள அதே குணம் அதற்கும் உண்டு.

கண்ணுக்குத் தெரியாத சரிவு

தமிழ்நாட்டில் திருவாரூர் ஆழித்தேர் புகழ்பெற்றது. முழு அலங்காரத்துடன் அதன் உயரம் 96 அடி என்றும், எடை சுமார் 300 டன் என்றும் கூறுவர். பல ஆண்டுகள் ஓடாமலிருந்த அத்தேர் 1970ஆம் ஆண்டு மீண்டும் வீதிவலம் வந்தது. திருச்சியிலுள்ள பெல் நிறுவனத்தாரின் உதவியோடு அதற்கு இரும்புச் சக்கரங்களும் அச்சுகளும் நீரழுத்தத்தால் இயங்கும் தடைகளும் பொருத்தப்பட்டன. கோயில் தேருக்கு இத்தகைய தடை எதற்கு என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

300 டன் தேர் ஒன்று சமதரையில் உருள்கிறது. உருளும் தடை எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 6 டன் எடைக்குச் சமமான விசையால் இழுக்கவேண்டும். ஒருவர் 20 கிலோ எடைக்குச் சமமாக விடாமல் இழுக்க வல்லவர் என்றால், 300 பேர் வடம் பிடிக்கவேண்டும்.

இப்போது வீதி சற்றே மேடாகிறது. 50 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் ஏற்றம். கண்ணுக்கு அது ஏற்றமாகவே தெரியாது. ஆனால் தேரின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கை, அதாவது மேலும் 6 டன்னைப் புவியீர்ப்பு பின்னோக்கி இழுக்கத் தொடங்கிவிடும். 300 பேர் போதாது. 600 பேர் வேண்டும்.

அதே வீதியில் தேர் திரும்பி வருகிறது. இப்போது அது இறக்கம். முன்னர்த் தடையாக இருந்த 6 டன் ஈர்ப்பு, இப்போது முன்னோக்கி இழுக்கிறது. உருளும் தடையும் 6 டன். இரண்டும் சரிக்குச் சரி. வடத்தை யாரும் தொடாவிட்டாலும் ஓடத் தொடங்கிய தேர் ஓடிக்கொண்டே இருக்கும்!

இறக்கம் இன்னும் சற்றுக் கூடி, 100 மீட்டருக்கு 3 மீட்டர் ஆகிவிட்டால்? 3 டன் ஈர்ப்பு மிச்சமாகி, தேரின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். நின்ற இடத்திலிருந்து 20 மீட்டர் ஓடுவதற்குள் அதன் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இது நடப்பவரின் வேகத்தைவிட அதிகம். தேருக்கு முன்னால் வடம் பிடித்திருப்போர், நெருக்கத்தில் திரும்பி ஓடவும் வழியின்றி நிற்பர். வடத்துக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. முன்னே நிற்கும் ஆயிரம் பேர் சேர்ந்தாலும், வடத்தைக் கொண்டு தேரைப் பின்னுக்குத் தள்ள இயலாது.

மேற்கண்டவை கணக்குக்காகக் கொண்ட அளவுகளே. தேருக்குத் தேர், வீதிக்கு வீதி அவை மாறும். சிறிய தேருக்கு விசையின் அளவு குறையும்; ஆனால் எந்தச் சரிவில் தேர் தானே ஓடத் தொடங்கும் என்ற விதி குறையாது. இலேசாக உருளும் நல்ல சக்கரங்கள் உள்ள தேர் இன்னும் சிறிய சரிவிலேயே ஓடத் தொடங்கிவிடும் என்பதையும் கருத்தில் கொள்ளவேண்டும். சக்கரத்தைச் சீர்செய்தவர் தடையையும் சீர்செய்தாக வேண்டும்.

முட்டுக்கட்டையின் பெருமை

ஒரு நற்காரியம் தடைப்பட்டால், அதற்கு யாரோ முட்டுக்கட்டை போட்டுவிட்டார் என்று நாம் குறைபட்டுக்கொள்வோம். தேரோட்டத்தில் மட்டும் முட்டுக்கட்டை போடுபவர் போற்றப்பட வேண்டியவர். ஆயிரம் பேர் தேரை ஓட்டுகின்றனர். அதனை நிறுத்துபவர் அவர்தான்.

முட்டுக்கட்டை ஒருபுறம் சரிவாகச் செதுக்கிய மரத்துண்டு. உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னால் அதனை வைத்ததும், சக்கரம் அதன் சரிவின்மேல் ஏற முயல்கிறது. அப்போது தேரின் எடை அந்தக் கட்டையைத் தரையோடு அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும் என்னும் முதல் விதியை நினைவுகூருங்கள். தேர் எவ்வளவு பளுவாக இருக்கிறதோ, அவ்வளவு உறுதியாகக் கட்டை தரையைப் பற்றிக்கொள்ளும். தேரை ஓடச்செய்யும் அதே எடை, தேரை நிறுத்தவும் பயன்படுகிறது. ஒருபக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்தால் தேரின் போக்கு சற்றே திரும்பும். வீதிமுனையில் தேரைத் திருப்புவதற்கும் இந்தக் கட்டையே கருவி.

இத்தனை நுட்பத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கட்டைக்கும் தரைக்கும் இடையே பிடி இருக்கவேண்டும். தரை நனைந்து வழுவழுப்பாக இருந்தால் கட்டையும் சக்கரத்தோடு சேர்ந்து சறுக்கிவிடும்.

நனைந்த தரை எவ்வளவு மோசம் என்பதை மோட்டார் வாகனத்தைக் கொண்டு அறியலாம். உலர்ந்த தார்ச் சாலையில் ரப்பர்ச் சக்கரத்தின் உராய்வுக் கெழு சுமார் 0.7, நனைந்த சாலையில் சுமார் 0.4 எனலாம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், தடையை அழுத்திய பின் உலர்ந்த சாலையில் ஏறக்குறைய 46 மீட்டரில் நிற்கும். நனைந்த சாலையில் அதற்கு 80 மீட்டர் வேண்டும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை அழுத்துவதற்குள் ஓடிய தூரம் இதில் சேராது. மழை நாளில் முன்செல்லும் வாகனத்தோடு இரண்டு மடங்கு இடைவெளி விடவேண்டும் என்பது வெறும் அறிவுரையன்று, கணக்கு.

இனித் தைப்பூச வீதியை நினைத்துப் பாருங்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வெள்ளி இரதம் 1894ஆம் ஆண்டு பினாங்கு வந்து சேர்ந்தது. பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் தங்க இரதம் 2017ஆம் ஆண்டு தைப்பூசத்தில் முதன்முதலாக வலம் வந்தது. இரதம் வரும் வழியெங்கும் அன்பர்கள் ஆயிரக்கணக்கில் சிதறு தேங்காய் உடைக்கின்றனர். பினாங்குத் தைப்பூசத்துக்கு உலகப் புகழ் தேடித்தந்த காட்சி அது. ஆனால் தேங்காய் நீரும், எண்ணெய்ப் பசையுள்ள பருப்பும், சிதறிய ஓடுகளும் சாலையில் படியும்போது உராய்வு குறைகிறது. வெள்ளி இரதத்தை இழுக்கும் காளைகளின் குளம்புக்கும் பிடி வேண்டும். தேரோடு நடப்போரின் வெறும் பாதத்துக்கும் பிடி வேண்டும். குளம்பு தரையைப் பின்னோக்கித் தள்ளினால்தான் தேர் முன்னோக்கி நகரும். பிடி குறைந்தால் இழுக்கும் ஆற்றலும் குறையும், நிறுத்தும் ஆற்றலும் குறையும். ஆகவே உடைத்த காய்களை உடனுக்குடன் அள்ளி வழியைச் சுத்தம் செய்யும் தொண்டர்களும் ஊழியர்களும் செய்வது துப்புரவுப் பணி மட்டுமன்று. அது தேருக்குப் பிடி கொடுக்கும் பணி.

உயரமும் அகலமும்

தேருக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. அது சாய்தல். ஒரு பொருளின் எடை முழுவதும் குவிந்திருப்பதுபோல் இயங்கும் புள்ளியை ஈர்ப்பு மையம் என்பர். அந்த மையத்திலிருந்து நேர்கீழே விடும் கோடு, சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்புக்குள் விழும்வரை தேர் நிற்கும். கோடு வெளியே போனால் தேர் கவிழும்.

சக்கரங்களுக்கு இடையே 2 மீட்டர் அகலமும், தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும் உள்ள தேரை எடுத்துக்கொள்வோம். அது பக்கவாட்டில் சுமார் 18 பாகை சாய்ந்தால் கவிழும் நிலைக்கு வந்துவிடும். அலங்காரத்தையும் ஆட்களையும் மேலே ஏற்றி மையத்தை 4 மீட்டருக்கு உயர்த்திவிட்டால், அந்த எல்லை 14 பாகையாகக் குறைந்துவிடும். ஒருபக்கச் சக்கரம் அரை மீட்டர் ஆழமுள்ள வடிகாலில் இறங்கினாலே போதும். தேர் அந்த எல்லையைத் தொட்டுவிடும். ஓடும் தேரின் ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் எல்லை இன்னும் சுருங்கும்.

நம் தச்சர்கள் இதனை அறிந்தே செயல்பட்டனர். பெருந்தேர்களின் அடிப்பகுதியைக் கனத்த மரத்தாலும், மேற்பகுதியை மூங்கிலாலும் துணியாலும் அமைத்தனர். பார்ப்பதற்குத் தேர் வானளாவ நிற்கும். எடையோ பெரும்பாலும் கீழேயே இருக்கும். அச்சு முறிந்தாலோ இந்த ஏற்பாடும் பயன்தராது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்து மாதேஹள்ளியில் காளியம்மன் கோயில் தேரின் அச்சு முறிந்து தேர் சாய்ந்ததில் இருவர் உயிரிழந்தனர். அச்சு என்பது பார்வைக்குப் படாத உறுப்பு. அது முறியும்போதுதான் உலகம் அதனை அறிகிறது.

கொடிமலை இரயில் கற்பிக்கும் பாடம்

புவியீர்ப்பைப் பகைக்காமல் அதனையே துணையாகக் கொள்ளும் வழிக்கு நம் பினாங்கிலேயே ஒரு சான்று இருக்கிறது. கொடிமலை இரயில் 1923 அக்டோபரில் மக்களுக்காக ஓடத் தொடங்கி, 1924 ஜனவரி முதல் நாள் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. முன்னர் இடைநிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறவேண்டியிருந்தது. புதுப்பிக்கப்பட்டு 2011இல் மீண்டும் திறக்கப்பட்டபின், ஏறத்தாழ 2 கிலோமீட்டர் பாதையை ஒரே பெட்டியில் கடந்துவிடலாம்.

அங்கே இரண்டு பெட்டிகள் ஒரே கம்பிவடத்தால் இணைக்கப்பட்டுள்ளன. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். இறங்கும் பெட்டியின் எடை, ஏறும் பெட்டியைத் தூக்க உதவுகிறது. பாதையின் நடுவில் இரண்டும் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன. மோட்டார் செய்யவேண்டியது, இரு பெட்டிகளுக்கும் இடையிலுள்ள எடை வேறுபாட்டையும் உராய்வையும் ஈடுசெய்வது மட்டுமே. எடையை எடையால் சமன் செய்த பிறகும், பாதுகாப்புக்கு உராய்வைத்தான் நம்புகின்றனர். இத்தகைய மலை இரயில்களில் பெட்டியை நிறுத்துவதற்கென்று தடைகள் தனியே இருக்கும். தூக்கும் ஏற்பாடு எவ்வளவு சிறந்ததாக இருப்பினும், நிறுத்தும் ஏற்பாடு வேறாக இருந்தே தீரவேண்டும் என்பது அதன் பாடம்.

தண்ணீர்மலைப் படிகளில்

இறுதியாக, தேரை விட்டு நம் உடலுக்கு வருவோம். தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு 513 படிகள். ஒரு படியின் உயரம் 15 சென்டிமீட்டர் என்று கொண்டால், மொத்த ஏற்றம் சுமார் 77 மீட்டர். 60 கிலோ எடையுள்ள அன்பர் 20 கிலோ காவடியோடு ஏறுகிறார் என்றால், 80 கிலோவைப் புவியீர்ப்புக்கு எதிராக 77 மீட்டர் தூக்குகிறார். அதற்கு வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 60,000 ஜூல். தசைகள் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடுவதால், உண்மையில் இதைப்போல் நான்கு மடங்கு செலவாகும். அப்படியும் ஒரு வாழைப்பழம் தருகின்ற ஆற்றலுக்குள் அது அடங்கிவிடும்.

இறங்கும்போது புவியீர்ப்பு உதவுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு படியிலும் உடல் கீழே விழ முயல்கிறது. முழங்காலும் தொடைத் தசையும் அதற்குத் தடை போடுகின்றன. ஏறும்போது களைப்பது மூச்சு. இறங்கும்போது நோவது முழங்கால். முதியோர் இறங்கும்போது கைப்பிடியைப் பற்றி நிதானமாக இறங்குவது நலம். கைக்கும் கம்பிக்கும் இடையே உள்ள உராய்வு, முழங்காலின் சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். பாலும் நீரும் சிந்திய படிகளைத் துடைத்து வைப்பதும் ஒரு தொண்டே.

கண்ணுக்குத் தெரியாத திருப்பணி

அன்பர்களே! தேருக்குத் தங்கத் தகடு போர்த்துவோர் உண்டு; வெள்ளிக் குடை தருவோர் உண்டு; மலர் அலங்காரத்துக்கும் மின்விளக்குக்கும் முன்வருவோர் பலர் உண்டு. அவை யாவும் கண்ணுக்கு நிறைவு தருபவை. கொடையாளர் பெயர் பொறிக்கவும் அங்கே இடமிருக்கும். அச்சில் பெயர் பொறிக்க இடமில்லை. முட்டுக்கட்டையை யார் தந்தார் என்று எவரும் கேட்பதில்லை. பெரிய தேர் உருண்டோட அச்சாணி என்னும் சிறு உறுப்பே காரணம் என்பதை உவமையாக வைத்து, உருவத்தின் சிறுமையைக் கண்டு எவரையும் இகழ வேண்டாம் என்று வள்ளுவர் நமக்கு அறிவுறுத்தினார். அந்த அறிவுரை கொடைக்கும் பொருந்தும்.

தேர் உள்ள ஆலயம் ஒவ்வொன்றும் திருவிழாவுக்கு முன் சிலவற்றைச் செய்துகொள்ளலாம். அச்சையும் சக்கரத்தையும் தகுந்த பொறியாளரைக் கொண்டு சோதிக்கலாம். தேர் செல்லும் வழியின் ஏற்ற இறக்கத்தை அளந்து, இறக்கமான இடங்களைக் குறித்து வைக்கலாம். கட்டை போடுவோருக்கு முன்கூட்டியே பயிற்சி தந்து, அவர்களைச் சுற்றி நெருக்கம் இல்லாதவாறு வடத்தால் எல்லை கட்டலாம். வடிகால் ஓரங்களைப் பலகையிட்டு மூடலாம். தேரின்மேல் ஏறுவோர் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கலாம். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு, தேரின் ஒரு பக்கத்துக்குத் தகடு போர்த்தும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். பயனோ பல உயிர்கள்.

புவியீர்ப்புக்குப் பக்தரும் ஒன்றுதான், பார்வையாளரும் ஒன்றுதான். அது எவருக்கும் விலக்களிப்பதில்லை. அதனை அறிந்து, உராய்வைத் துணைக்கழைத்துத் தேரை நடத்துவது நம் பொறுப்பு. அடுத்த முறை வடம் பிடிக்கும்போது, மேலே கலசத்தைத் தரிசித்த பின் ஒருகணம் கீழேயும் பாருங்கள். அங்கே கட்டையோடு குனிந்து நடப்பவரைக் கண்டால் அவருக்கு வழிவிடுங்கள். எல்லாத் தேரும் நலமாக ஓடி, நலமாக நிலைசேர இறையருள் துணைநிற்பதாக!